சீனத் தொட்டியில் முருங்கைக்காய்

அந்த வருடம் பாரிஸின் லா சப்பலில் டொக்டர்மாருக்கு வேலை குறைந்துவிட்டது. முட்டுவலிக்காரர், மூலக்காரர், விசாக் கவலைக்காரர் எல்லாரும் சீன வைத்தியர் தவரத்தினத்தாரின் நிலவறைக்குப் படையெடுத்தார்கள். உப்புத்தண்ணீர்த் தொட்டியில் இரண்டு காலையும் வைக்கவேண்டும். வைத்தியர் பொத்தானை அழுத்துவார். சற்று நேரத்தில் தெளிந்த தண்ணீர் கோப்பி நிறமாகிவிடும். உடம்பிலுள்ள நஞ்செல்லாம் உள்ளங்கால் வழியே இறங்குகிறதாம். ஐயாயிரம் வருடத்துச் சீன வைத்தியமாம். அந்தக் காலத்தில் சீனர்கள் பிளக்கை எங்கே செருகினார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

வைத்தியர் சீனாவில் பன்னிரண்டு வருடம் படித்தவராம். போன வருடம்வரை இதே லா சப்பலில் டெலிபோன் கார்ட் விற்றவர். அவர் கண்ட சீனா பக்கத்து ஒபர்வில்லியேயின் சீன மொத்தக்கடைகளோடு முடிந்துவிடும்.

ஹோட்டல் அறைகளைத் துப்புரவாக்கும் தவநாயகிக்கு அழுக்குத் தண்ணீரைப் பார்த்துப் பக்தி வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. புருசன் மகேந்திரராசா நீரிழிவு மாத்திரைகளைக் குப்பையில் போட்ட அன்று அந்தச் சிரிப்பு நின்றது.

"இனிக் குளிசை வேண்டாமாம். சீனி முழுக்கக் காலாலை இறங்குதாம்."

நாலாம் நாள் மனிதர் ஸ்டாலின்கிராட் மெத்ரோ நிலையப் படியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார்.

"அடுத்தமுறை நானும் வாறன்" என்றாள் தவநாயகி.

சனிக்கிழமை நிலவறை நிறையச் சனம். தன் முறை வந்ததும் அவள் சப்பாத்தைக் கழற்றவில்லை. மரக்கறிப் பையிலிருந்து நாலு முருங்கைக்காயை எடுத்துத் தொட்டியில் போட்டாள்.

"அண்ணை, முதல் இதுகளுக்குப் பாருங்கோ."

வைத்தியர் வாய் திறக்குமுன் பொத்தானையும் அழுத்திவிட்டாள். தண்ணீர் மஞ்சளித்தது, பழுத்தது, கோப்பியானது.

"முருங்கைக்காய்க்கு ஈரல் பழுதோ, சிறுநீரகம் பழுதோ?"

வைத்தியர் அசரவில்லை. "தங்கச்சி, மரக்கறிக்கு மருந்தடிக்கிறாங்கள். அந்த நஞ்சுதான் இறங்குது."

கூட்டம் தலையாட்டியது. ஆட்டுவதற்கென்றே வளர்த்த தலைகள்.

"அப்ப சரி" என்றாள் தவநாயகி. தொட்டியைக் கழுவினாள். புதுத் தண்ணீர், புது உப்பு. இந்தமுறை காலுமில்லை, காயுமில்லை. பொத்தானை மட்டும் அழுத்தினாள். எல்லாத் தலைகளும் தொட்டிக்கு மேலே குனிந்தன. வெறுந்தண்ணீர் சொல்லிவைத்தாற்போல் கோப்பியானது.

"இப்ப ஆரின்ரை நஞ்சு, அண்ணை?"

மூலைக்குள் ஒருவர் களுக்கென்று சிரித்தார். பிறகு நிலவறையே குலுங்கியது. மகேந்திரராசா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டார். தவநாயகி பிளக்கைப் பிடுங்கி, தொட்டிக்குள் கிடந்த கம்பியைத் தூக்கிக் காட்டினாள்.

"இரும்பு, உப்பு, கரண்ட். கம்பிதான் துருப்பிடிச்சுக் கரையுது. நாங்கள் துருவைப் பாத்துக் கும்பிடுறம்."

"தொட்டியிலை என்ரை சக்தி ஊறிப்போச்சு, அதுதான்..." என்றபடி வைத்தியர் படியேறினார். படியேறியவர் திரும்பி இறங்கவேயில்லை.

"அந்த முருங்கைக்காய் இனிக் கறிக்கு ஆகுமோ?" என்று கேட்டார் ஒரு பக்தர்.

மகேந்திரராசா கேட்டது வேறு. "டொக்டரிட்டைத் திரும்பப் போனால் ஏசுவாரோ?"

"ஏசட்டும். நடவுங்கோ."

காலைக் கழுவப் போகிறவர்களே, போங்கள். தலையை மட்டும் வாசலில் சப்பாத்தோடு கழற்றி வைத்துவிட்டுப் போகாதீர்கள்.