சாப்பாட்டு மேஜைக் கப்பல்காரர்

இந்த இனத்தைத் துறைமுகத்தில் தேடினால் கிடைக்காது. கடலைக் கண்டால் காலை நனைக்கக்கூடத் தயங்குகிற ஆள். ஆனால் வீட்டுக்குள், சாப்பாட்டு மேஜையின் நட்டநடுவில், மரத்தால் ஒரு சின்னப் பாய்மரக் கப்பல் கட்டிக்கொண்டிருப்பார். கட்டிக்கொண்டிருப்பார் என்பதைக் கவனியுங்கள். கட்டி முடித்தவர் என்று இந்த இனத்தில் யாரும் கிடையாது. எங்கள் எதிர்வீட்டுக்காரர் இதில் முதல் தரம். தெருவே அவரைக் கப்பல்காரர் என்றுதான் சொல்லும்.

கப்பலின் உடம்பு என்றைக்கோ தயாராகிவிட்டது. அதற்குமேல்தான் வினை. பாய்மரம் செய்ய ஒரு குச்சி போதும் என்று நீங்கள் நினைத்தால் உங்களுக்கு விவரம் பத்தாது. சதுரக் குச்சியை எட்டுப் பட்டையாகச் சீவி, எட்டைப் பதினாறாக்கி, பதினாறை உப்புத்தாளால் தேய்த்து உருட்டாக்கி, அடி பருத்து நுனி மெலிந்து வருகிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டி, பிறகு "சரியில்ல" என்று படக்கென்று ஒடித்துப் போட வேண்டும். ஒடிக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அப்படி ஒரு சந்தோஷம்.

உலகத்தில் எந்தப் பொருளும் இவருக்கு அதுவாகத் தெரியாது. ஒரு தடவை என் சட்டையை இரண்டு விரலால் தடவிப் பார்த்தார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "பெரிய பாய்க்குத் தோதான துணி. கிழிஞ்சா சொல்லுங்க" என்றார். புதுச் சட்டை! இன்னொரு நாள் அடுப்பில் டீ கொதிக்கிற வாசனை வர, உரிமையோடு உள்ளே போய் ஒரு டம்ளர் ஊற்றிக் குடித்தும் விட்டேன். அவர் மனைவி ஓடி வந்தார்.

"ஐயையோ, அது குடிக்கிற டீ இல்லங்க! பாய்த் துணிக்குப் பழைய நிறம் வரணும்னு இவர் காய்ச்சி வச்சது!"

அந்த அம்மாவே ஒரு நாள் மனமிரங்கி, பாயின் ஓரத்தை மடித்துத் தைத்துக் கொடுத்தார். கண்ணுக்கே தெரியாத பொடித் தையல். கப்பல்காரர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"நிஜக் கப்பல் கணக்குல இந்தத் தையல் ஒவ்வொண்ணும் ஒரு சாண் வருது. மாலுமி கால் மாட்டிக் கடல்ல விழுந்துடுவான்."

"விழட்டும். எழுந்து வந்ததும் மேஜையைத் துடைக்கச் சொல்லுங்க."

தையல் அத்தனையும் அன்றே பிரிக்கப்பட்டது. வேறு பாய் வெட்டி, ஓரத்தைப் பசை போட்டு ஒட்டி, பாய்மரத்தில் ஏற்றியும் ஆயிற்று. ஏற்றிய கையோடு வீட்டில் ஒரு சட்டம் வந்தது: யாரும் மின்விசிறி போடக்கூடாது. காற்றுப் பட்டால் நூல் சிக்குமாம், பாய் கோணுமாம். காற்றை நம்பியே பிறந்த ஒரு பொருளுக்குக் காற்று ஆகாது என்றால் என்ன செய்வது? நல்ல வெயில் காலத்தில் மனைவி சமையலறையில் நின்றபடியும், மகள் கட்டிலில் தட்டை மடியில் வைத்தபடியும் வியர்க்க விறுவிறுக்கச் சாப்பிட்டார்கள். கப்பல் மட்டும் சுகமாக மேஜையில் இருந்தது.

மகளுக்குத் தூரத்து ஊரில் வேலை கிடைத்தது. அந்தப் பெண் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"போறதுக்கு முன்னாடி ஒரு வேளையாவது எல்லாரும் மேஜையில ஒண்ணா உக்காந்து சாப்பிடணும்ப்பா."

"அவ்வளவுதானே? இந்த நூலை மட்டும் கட்டிடறேன்."

நூல் கட்டி முடிவதற்குள் ஊருக்குப் போகிற நாளே வந்துவிட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பசை ஈரமாக இருந்ததால் கப்பலை நகர்த்த முடியவில்லை. அதனால் நாங்கள் கப்பலைச் சுற்றி உட்கார்ந்தோம். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, மூச்சைப் பார்த்துப் பார்த்து விட்டுக்கொண்டு, தண்ணீர்ச் செம்பை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குக் கப்பல் நூலில் படாமல் கடத்திக்கொண்டு சாப்பிட்டோம். மகளின் மூக்கு நுனியிலிருந்து வியர்வை சோற்றில் சொட்டியது. அந்த அம்மா அதைப் பார்த்தார். எழுந்தார். மின்விசிறி சுவிட்சைத் தட்டினார்.

பாய்கள் எல்லாம் பொம்மென்று உப்பின. கப்பல் தான் நிற்கும் கட்டையோடு ஒரு விரற்கடை நகர்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன், அடிதடி ஆகப்போகிறது என்று. ஆனால் கப்பல்காரர் கத்தியது வேறு.

"காத்துப் பிடிக்குது! அம்மாடி, பாரு, பாய் காத்துப் பிடிக்குது!"

மகள் எழுந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். நானும் எச்சில் கையோடு தட்டினேன். அவ்வளவு சந்தோஷமான வீட்டை நான் பார்த்ததில்லை, உண்மையாகச் சொல்கிறேன்.

அப்புறம் அவருடைய ஒற்றைக் கண் மூடிக்கொண்டது.

"நடு மரம் லேசா சாயுது. எல்லாத்தையும் பிரிக்கணும்."

சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு வந்து அப்போதே பிரிக்க உட்கார்ந்துவிட்டார். பாதிச் சோறு தட்டிலேயே காய்ந்தது. சாயங்காலம் மகள் பெட்டியோடு வாசலில் நின்றபோது, விரலில் நூலோடு வெளியே வந்தார்.

"அடுத்து எப்பம்மா வருவே?"

"கப்பல் முடிஞ்சதும் சொல்லுங்கப்பா, வரேன்."

வண்டி போனதும் பூரிப்போடு என் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா, பொண்ணுக்குக் கப்பல் மேல எவ்வளவு ஆசை!" அவர் மனைவி உள்ளே போய், சோறு காய்ந்த தட்டுகளை எடுத்துக் கழுவப் போட்டார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டில் கப்பல் இல்லை, அது எனக்கும் தெரியும். கழற்றிப்போட்ட பழைய மோட்டார் சைக்கிளோ, எழுதி முடியாத புத்தகமோ, ஆபீஸிலிருந்து தூக்கி வந்த வேலையோ இருக்கலாம். "எப்பத்தான் முடிப்பீங்க?" என்று வீட்டில் சிடுசிடுக்கிறார்களா? அப்படியானால் கவலையில்லை, நீங்கள் பிழைத்துக்கொள்வீர்கள். "மெதுவா முடிங்க, ஒண்ணும் அவசரமில்ல" என்று அன்பாகச் சொல்லத் தொடங்கிவிட்டார்களா? அப்படியென்றால் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள், சொன்னவர் இன்னும் அங்கேதான் நிற்கிறாரா என்று.