மொட்டை மாடியில் முக்கால் நிலா

இந்தச் சனிக்கிழமை மச்சினன் வீட்டுக்குப் போவதில்லை என்று வீராவேசமாக முடிவெடுத்தேன். மனதுக்குள்தான். வாய்விட்டு முடிவெடுக்கும் துணிச்சல் எனக்குக் கல்யாணத்தன்றே போய்விட்டது.

மச்சினன் தங்கமானவன். வங்கியில் வேலை. ஆனால் கவிதை எழுதுவான். எழுதினால்கூடப் பரவாயில்லை, வாசிப்பான். மாதம் ஒரு சனிக்கிழமை சொந்தபந்தத்தையெல்லாம் கூட்டிக் கதவைச் சாத்திவிட்டு வாசிப்பான். போன மாதம் நாற்பத்தாறு பக்கம். நடுவில் நான் தும்மித் தொலைத்தேன். "மாமாவை இந்த இடம் உலுக்கிடுச்சு!" என்று முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தான்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவன். ஊருக்கெல்லாம் பார்வை கொடுப்பவனுக்கு ஒரு வழி தெரியாமல் போகுமா? செய்தித்தாளில் தெரிந்தது. சனிக்கிழமை பகுதி சந்திர கிரகணம்!

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் போனேன்.

"சனிக்கிழமை கிரகணம், தெரியுமா?"

"தெரியும். தம்பி வீட்டுக்குப் போறப்ப வழியில பாத்துக்கலாம்."

"வழியில தெரியாது. அவன் வீட்டுலயும் தெரியாது. எதிர்ல ஏழு மாடிக் கட்டடம் நிக்குதே!"

"அப்ப எங்கதான் தெரியும்?"

"நம்ம மொட்டை மாடியில, தண்ணித் தொட்டிக்கு வடக்கால ரெண்டடி தள்ளி நின்னா தெரியும். அங்க மட்டும்தான். ஆறரைக்கு நிலா எழும்பும்போதே ஓரத்துல கடிச்ச மாதிரி இருக்கும்."

"மூணடி தள்ளி நின்னா?"

"கோணம் மாறிடும்."

கோணம் என்ற சொல்லோடு வாதாடி ஜெயித்தவர் யாருமில்லை. அவளும் துணியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அவ்வளவு அபூர்வமா? அப்ப நீங்க இருந்து பாத்துடுங்க. தம்பிகிட்ட நான் பேசிக்கிறேன்."

இத்தனை சுலபமாக ஜெயித்ததற்கு நான் பயந்திருக்க வேண்டும். பாட்டுப் பாடிக்கொண்டே குளித்தேன்.

சனிக்கிழமை ஆறு மணிக்கு மடக்கு நாற்காலி, பிளாஸ்கில் காப்பி, கடையில் இரவல் வாங்கிய தொலைநோக்கி சகிதம் மேலே ஏறினேன். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே நிலா எழுந்தது. ஆரஞ்சு நிறம். கீழ் ஓரத்தில் கால்பங்கைக் காணோம். நம்ம பூமியின் நிழலாம் அது! பொய் சொல்லி வந்தவன் மெய் மறந்தேன்.

அப்போது படியில் காலடிச் சத்தம். கிரகணம் வானத்தில் இருக்க, கிரகம் படியேறி வந்தது.

முன்னால் மச்சினன், கையில் தடி நோட்டு. பின்னால் மாமனார், மாமியார், சித்தப்பா, பெரியப்பா வகையறா. ஆளுக்கொரு முக்காலி.

"மாமா! இந்த இடத்துல மட்டும்தான் தெரியுமாமே! என் கவிதையை நிலாவுக்கு நேரா உக்காந்து கேக்கணும்னு நீங்களே ஏற்பாடு பண்ணினீங்களாம். அக்கா சொன்னா. கண்ணு கலங்கிடுச்சு மாமா!"

எனக்கும் கலங்கியது.

"வெளிச்சம் பத்தாதே மாப்பிள்ளை," என்று கடைசி அம்பை விட்டேன். மாமனார் பையிலிருந்து டார்ச் லைட்டை எடுத்தார்.

"பூமியே, உன் நிழலா இது, என் நிழலா?" என்று தொடங்கினான். எனக்கென்ன தெரியும்? வானத்தில் மதி கால்பங்குதான் மறைந்திருந்தது. என் மதி முழுசாக.

பதினோராம் பக்கத்தில்தான் கவனித்தேன். கூட்டத்தில் மனைவியைக் காணோம். தொட்டிக்குப் பின்னால் பதுங்கி உட்கார்ந்து போன் போட்டேன்.

"எங்கம்மா இருக்க?"

"வீட்டுலதான். காலை நீட்டி உக்காந்திருக்கேன். எத்தனை மாசமாச்சு இப்படி ஒரு சனிக்கிழமை கிடைச்சு!"

"உன் தம்பிம்மா அவன்!"

"தம்பிதான். அதுக்காக எனக்குக் காது வலிக்காதா? நானும் ரெண்டு வருஷமா ஒரு சாக்குத் தேடிட்டு இருந்தேன். நீங்களா கொண்டுவந்து குடுத்தீங்க."

எப்படியாவது அவளையும் மேலே இழுத்துவிட வேண்டும்.

"கவிதையை விடு. கிரகணத்தையாவது வந்து பாரேன்! இன்னும் கொஞ்ச நேரத்துல முடிஞ்சிடும்!"

"அதுக்கு எதுக்குங்க மாடி ஏறணும்?" என்றாள். "நம்ம படுக்கையறை ஜன்னல்ல நேரா தெரியுதே!"