தானாகத் தண்ணீர் ஊற்றும் பெட்டி

இனிமேல் ஆயுசுக்கும் ஒரு பூந்தொட்டியைத் தூக்க மாட்டேன் என்று வெர்ன் சபதம் போட்டார். போட்டபோது இரண்டு கையிலும் இரண்டு தொட்டி இருந்தது.

பாவம் மனுஷன். ஒஹையோவில், ஈரி ஏரிக்குப் பக்கத்திலேயே வீடு. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று அவர் மனசில் இருந்தது ஏரி மீன். மனைவி நாடீன் மனசில் இருந்தது ஆர்கிட். சமையலறையை ஒட்டிக் கண்ணாடிக் குடில், அதற்குள் இரண்டு மேடை நிறையத் தொட்டிகள். வலது தோளில் வலி வந்ததிலிருந்து நாடீன் தொட்டி தூக்குவதில்லை. முக்காலியில் உட்கார்ந்து உத்தரவு போடுவதோடு சரி.

ஆர்கிட்டுக்குத் தண்ணீர் ஊற்றுவது என்றால் வாளியைக் கவிழ்ப்பது என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு தொட்டியாகத் தூக்கிப் பார்க்க வேண்டும். கனமாக இருந்தால் வைத்துவிட வேண்டும், லேசாக இருந்தால்தான் ஊற்ற வேண்டும். மரப்பட்டைத் துண்டில் நட்டது நாளைக்கே காயும். பாசியில் நட்டது காயவே காயாது. குருத்தில் ஒரு சொட்டு தங்கினால் அழுகல். காகிதத்தைத் திரித்து ஒற்றி எடுக்க வேண்டும். கைக்குழந்தைகூட இவ்வளவு படுத்தாது. எல்லாம் முடித்து நிமிர்ந்தால், பக்கத்து வீட்டு டுவைட்டின் படகு ஏரியில் புள்ளியாகத் தெரியும். அதில் இரண்டே இருக்கை. ஒன்று காலி.

ஜனவரியில் ஒரு நாள் வெர்ன் ஒரு பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார்.

"நாடீன், இது தானா தண்ணி ஊத்தும். குழாயைக் கோத்து விட்டா போதும்."

"தொட்டியைத் தூக்கிப் பாக்குமா?"

"எதுக்குத் தூக்கணும்? நேரம் வந்தா ஊத்தும்."

"ஓகோ. நீ சாப்பிட வர்ற மாதிரி. பசிச்சாலும் சரி, பசிக்காட்டியும் சரி."

"மனுஷன் நிலாவுக்கே போயிட்டு வந்துட்டான்!"

"போனவன் வீட்டு ஆர்கிட்டுக்கு யாரு தண்ணி ஊத்தினாங்களாம்?"

வெர்ன் பெட்டியை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார். நாடீனே மனமிரங்கினார்.

"சரி, பந்தயம். இடது மேடை உன் பெட்டிக்கு. வலது மேடை உன் கைக்கு. ஏப்ரல்ல ஆர்கிட் சங்கத்துக் கண்காட்சி. எந்தப் பக்கத்துச் செடி முதல் பரிசு நீல நாடாவை வாங்குதோ, அந்த வழிதான் இந்த வீட்டுல இனிமே."

"பெட்டி ஜெயிச்சா?"

"மகராசனா டுவைட் படகுல போய் உக்காரு. நான் வாயே திறக்கமாட்டேன்."

நாடீன் வாயே திறக்காத ஒரு கோடைகாலம்! வெர்னுக்குக் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. அது அன்றைக்கு. மறுநாள் தண்ணீர் கட்டியது தொட்டிகளில். பாசித் தொட்டியெல்லாம் குளம், பட்டைத் தொட்டியெல்லாம் பாலைவனம். பதறிப்போய்ப் பெட்டியின் திருகை ஆகக் குறைவுக்குத் திருப்பி வைத்தார். சில நாள் கழித்துத் தூக்கிப் பார்த்தால் எல்லாத் தொட்டியும் லேசாக இருந்தது. குறைத்து வைத்ததால்தான் என்று நினைத்துக்கொண்டார்.

வேறு வழியில்லை. நாடீன் எழுவதற்கு முன்பே, பைஜாமாவுக்கு மேல் பூட்ஸை மாட்டிக்கொண்டு குடிலுக்குள் பதுங்கிப் போவார். வெளியே பனி கொட்டும். இடது மேடையில் ஒவ்வொரு தொட்டியாகத் தூக்குவார், எடை பார்ப்பார், ஊற்றுவார், குருத்தை ஒற்றுவார். "கண்ணு, இந்த ஒரு தடவை பூத்துடும்மா" என்று கெஞ்சவும் செய்வார். கல்யாணம் கேட்டபோதுகூட அவர் அப்படிக் கெஞ்சியதில்லை. இடது மேடை முடிவதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும். அதன்பிறகு, ஊரறிய, வலது மேடை. அதைத் தூங்கி வழிந்துகொண்டே ஊற்றினார்.

பெட்டி பாதி, நாம் பாதி என்று மனசைத் தேற்றிக்கொண்டார். காலையில் பான்கேக் சாப்பிடும்போது குடிலிலிருந்து 'டிக்' என்று சத்தம் வரும்.

"கேட்டியா? ஊத்துது."

"ஊத்தும், ஊத்தும்" என்பார் நாடீன், அவர் தட்டில் மேப்பிள் பாகை ஊற்றிக்கொண்டே.

ஏப்ரலில் இடது மேடை வெள்ளை ஆர்கிட் ஒன்று கொத்துக் கொத்தாகப் பூத்துத் தொங்கியது. சங்கத்து நடுவர் அம்மா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு நீல நாடாவைக் கட்டினார். ஆளாளுக்கு வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

"எப்படி வெர்ன் வளத்தே?"

"எல்லாம் பெட்டிதான்! என் விரல் நகம் பட்டிருக்குமா அதுல? சத்தியமா இல்ல!"

நாடீன் வீட்டிலிருந்து கொண்டுவந்த உருளைக்கிழங்குப் பதார்த்தத்தை எல்லோருக்கும் பரிமாறினார். வாயே திறக்கவில்லை. கோடை இப்போதே தொடங்கிவிட்டது என்று வெர்ன் பூரித்துப்போனார்.

மறுநாள் காலை. தூண்டிலோடு கிளம்பியவரை நாடீன் குடிலுக்குள் கூப்பிட்டு, இடது மேடைக்கு அடியில் குனிந்து பார்க்கச் சொன்னார். பெட்டிக்குப் போகிற தண்ணீர்க் குழாயின் வால்வு இறுக மூடியிருந்தது. அதன்மேல் சிலந்தி வலை.

"இது... இது எப்ப மூடினது?"

"ரெண்டாம் நாளே. பாசித் தொட்டியெல்லாம் நீந்திக்கிட்டு இருந்துச்சு. செடி காஞ்சா நீயே வந்து ஒத்துக்குவேன்னு பாத்தேன். நீ பூட்ஸை மாட்டிட்டே."

"தெரிஞ்சும் சும்மா இருந்தியா?"

"அவ்வளவு அக்கறையா ஊத்துற ஆளை எவளாவது தடுப்பாளா? கைதான் ஜெயிச்சிருக்கு, வெர்ன்."

"இது மோசடி!"

"மோசடியா? அப்ப சங்கத்துக்குப் போன் போடட்டுமா? நேத்து யாரோ சத்தியம் பண்ணினாங்களே, விரல் நகம்கூடப் படலன்னு?"

வெர்ன் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். வெளியே டுவைட்டின் வண்டி ஹாரன் அடித்தது. நாடீன் அவர் தலையிலிருந்த தொப்பியை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். தூண்டிலையும் வாங்கிக்கொண்டார்.

"நீ எங்க போறே?"

"படகுல ஒரு இடம் காலியா இருக்குல்ல? செடியைப் பாத்துக்கத்தான் நல்ல ஆள் இருக்கியே."

"தோள் வலி?"

"அது வலது தோள். தூண்டிலை இடது கையால புடிச்சுக்குவேன்."

வண்டி போய்விட்டது. வழக்கமான நேரத்துக்குப் பெட்டி 'டிக்' என்றது. வெர்ன் எழுந்து போய்த் தண்ணீர் ஊற்றினார்.