சேருக்கு வரக்கூடாத வருத்தம்

"எனக்குப் பிரஷரா? எனக்கா?"

களுதாவளையில் கணக்குப் படிப்பிக்கும் சிவதர்ஷன் சேர் போனை வைத்துவிட்டுக் கூரையைப் பார்த்தார். பிள்ளையார் கோயிலில் அவரும் மனைவியும் போய்க் காட்டிய மருத்துவ முகாமில் அவர் பேருக்குப் பிரஷர் எக்கச்சக்கமாம். வியாழக்கிழமை கிளினிக்குக்கு வரட்டாம். அவருடைய அப்பா பாரிசவாதத்தில் விழுந்ததும் பிரஷரால்தான்.

"ஒரு குளிசையப் போட்டாச் சரிதானே," என்றாள் மனைவி யசோதினி.

"சாகுமட்டும் போடோணும்! தெரியுமா உனக்கு?"

சும்மா இருந்திருக்கலாம். போனில் தேடினார். எங்கேயோ ஆராய்ச்சி செய்திருந்தார்களாம்: புத்தி கூடியவர்களுக்கு நாட்பட்ட நோய்கள் வருவது குறைவு, மன அழுத்தம் இருந்தால் கூடும். சேரின் முகம் தெளிந்தது.

"பாத்தியா? எண்ட மூளைக்கு இந்த வருத்தம் வர ஞாயமில்ல. அப்ப டென்ஷன்தான் காரணம். அந்த டென்ஷனத் தாறது ஆரு?"

யசோதினி சுற்றும் முற்றும் பார்த்தாள். பிள்ளைகள் டியூஷனுக்குப் போயிருந்தார்கள்.

"நானா?"

"நான் சொல்லல்ல. ஆராய்ச்சி சொல்லுது."

அன்றோடு வீட்டு நிம்மதி போயிற்று. சேருக்கு உப்பில்லாத சொதி, பிள்ளைகளுக்கு உப்புப் போட்ட சொதி என்று இரண்டு சட்டி. மிக்சி சத்தம் டென்ஷன் என்றார்; அம்மியில் அரைத்தாள். அம்மியும் கூடாதென்றார். மனதில் கிடப்பதை வெளியே கொட்டினால் அழுத்தம் இறங்கும் என்று வாசித்துவிட்டு, கல்யாணத்தன்று சோறு குழைந்ததில் தொடங்கி எல்லாவற்றையும் அவள் தலையில் கொட்டினார்.

"இஞ்சருங்க, எனக்குத் தலை இடிக்குது."

"வருத்தக்காரன் நான் இருக்க, உனக்கென்ன தலையிடி?"

"ஒருக்காப் பாமசிலயாவது பிரஷரப் பாருங்களன்."

"டென்ஷனோட பாத்தாக் கூடத்தான் காட்டும். வியாழன்மட்டும் என்ன அமைதியா வெச்சிரு!"

எப்படி வைப்பாள், பாவம்!

வியாழக்கிழமை கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி அவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். நம்பாமல் இன்னொருக்கால் அடித்தாள்.

"சேர், உங்களுக்கு ஒண்டுமில்ல. நோமல்."

சேர் துள்ளி எழும்பினார். "நான் சொன்னன்தானே! மூளை! அப்ப அண்டைக்கு ஏன் கூடக் காட்டின?"

மிஸ்ஸி யோசித்தாள். பிறகு பட்டையைக் கழற்றிக்கொண்டு போய், கூட வந்திருந்த யசோதினியின் கையைப் பிடித்தாள்.

"அண்டைக்குக் கோயில்ல சிவதர்ஷன் எண்டு ரெண்டு பேருக்குப் பிரஷர் பாத்தம், சேர், ஒராளுக்குத்தான் கூட. பேரென்ன எண்டு கேக்க, அர்ச்சனைக்குச் சொல்லுற மாதிரி உங்கட பேரையும் நட்சத்திரத்தையும் சொன்னது இந்த அக்காதான்."