தாய்ப்பால் தயாரிப்பு முகாம், ஆடித் தள்ளுபடியுடன்

தாய்ப்பாலின் விலை நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ரூபாய். ஜி.எஸ்.டி. தனி.

'அது விலைமதிப்பற்றது' என்று மேடையில் முழங்குகிறவர்கள் ஒருநாளும் கல்லாவில் உட்கார்ந்ததில்லை. விலைச்சீட்டு இல்லாத சரக்கை யாரும் கையில்கூட எடுத்துப் பார்ப்பதில்லை. மனிதகுலம் இத்தனை காலமாக ஓசியில் கொடுத்துவந்த பொருளுக்கு முதன்முதலாகச் சீட்டு ஒட்டிய பெருமை, கோரிப்பாளையத்தில் 'முத்துக்குமரன் நைட்டி சென்டர்' நடத்திவரும் அடியேனையே சேரும்.

யோசனை என்னவோ சூர்யபிரகாஷ் தந்தது. இருபத்தாறு வயது, கல்யாணமாகவில்லை. ஆறு மாதம் முன்புவரை வாட்டர் பியூரிஃபையர் விற்றவர். மூன்று நாள் ஆன்லைன் வகுப்பு முடித்து இப்போது 'தாய்ப்பால் கோச்'.

"அண்ணே, மாசமா இருக்கவங்க வந்து ஃபீடிங் நைட்டி ரெண்டு எடுத்துட்டுப் போயிர்றாங்க. அவங்க பயத்த யாரு போக்குறது?"

"எந்தப் பயம் தம்பி?"

"அதாண்ணே, இன்னும் அவங்களுக்கு வரல. மொதல்ல நாம குடுக்கணும். அப்பறம் போக்கணும்."

எனக்கு மெய்சிலிர்த்தது. வசூலில் பாதி அவருக்கு என்று அங்கேயே கைகுலுக்கினேன்.

ஆகஸ்ட் முதல் வாரம் உலகத்துக்குத் தாய்ப்பால் வாரம். எங்களுக்கு ஆடித் தள்ளுபடி. இரண்டையும் ஒரே போஸ்டரில் அடித்தோம். இருபத்திரண்டு கர்ப்பிணிகள் கடையின் மாடிக்கு வந்து சேர்ந்தார்கள், பெரும்பாலும் கே.கே. நகரிலிருந்து, ஸ்கூட்டர் ஓட்டிவந்த கணவர்களோடு.

கட்டணத்தைக் கேட்டதும் சபை களைகட்டியது.

"ரெட்டப் புள்ளன்னா ரேட் ஒண்ணுதான?"

"இது ரெண்டாவது பிரசவம். பாதி ஏற்கெனவே தெரியும். பாதிக் காசு வாங்கிக்கங்க."

"பால் சரியா வரலைன்னா பணம் வாபஸா?"

"ஒரு வருச வாரண்டி!" என்றார் சூர்யபிரகாஷ், பழைய பழக்கத்தில்.

கடைசியில் தலைக்கு நாலாயிரம் என்று படிந்தது.

செயல்விளக்கத்துக்கு ஒரு ரப்பர் பொம்மை தயார். அதைப் பிடிக்க ஒரு கர்ப்பிணி வேண்டுமே? எங்கள் சேல்ஸ் கேர்ள் சரண்யாதேவி இருந்தாள். ஆனையூர்க்காரி, எட்டு மாதம். மூன்று மணி நேரம் பொம்மையோடு நின்றபடி 'மாடல்' ஆனாள். ஓசியில் வரும் கல்விக்கு மரியாதை இராது என்பதால் ஊழியர் சலுகையாக 999 ரூபாய் மட்டும் அவள் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு சான்றிதழும் கொடுத்தேன்.

மார்பைத் துண்டால் தேய்த்துப் 'பக்குவப்படுத்த' வேண்டும் என்று கோச் விளக்கிக்கொண்டிருந்தபோது குறுக்கே ஒரு குரல் வந்தது. மருமகளுக்கு நைட்டி எடுக்க வந்த மைதீன் பீவி. அரசாங்க ஆஸ்பத்திரி பிரசவ வார்டில் முப்பது வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"ஏம்ப்பா, அது என்ன பித்தளக் கொடமா, தேச்சு வெளக்க? தேச்சா புண்ணுதான் ஆகும்."

"அப்ப என்னம்மா தயார் பண்ணணும்?" என்று கேட்டாள் ஒருத்தி.

"ஒடம்பு அதுபாட்டுக்குத் தயாராகும். புள்ள பொறந்த ஒரு மணி நேரத்துக்குள்ள நெஞ்சோட போட்டுப் பால் குடுக்கணும்னு டாக்டர்ட்ட இப்பவே சொல்லி வைய்யி. சீம்பாலக் கொட்டாத. சீனித்தண்ணி நாக்குல வைக்க வாரவகளத் தூர நிறுத்து. பெறகு புள்ள எம்புட்டுத் தடவ கேக்குதோ அம்புட்டுத் தடவையும் குடு. அதுக்கு ஒக்கார எடம் வேணும், நேரம் வேணும். அத வீட்லயும் வேல பாக்குற எடத்துலயும் இப்பவே கேட்டு வாங்கிக்க. தயாரிப்புன்னா இதான்."

ஒரு நிமிடத்தில், ஒரு பைசா வாங்காமல், நாலாயிரம் ரூபாய்ப் பாடத்தைப் போட்டு உடைத்துவிட்டார். வியாபாரம் தெரியாத பெண்மணி.

அதோடு போயிற்றா? பொம்மையை இறக்கி வைத்துவிட்டு, அத்தனை பேர் முன்னால் சரண்யாதேவி என்னிடம் கேட்டாள்.

"அண்ணே, மூத்தவளுக்கு டின் பாலுதான். சம்பளத்துல பாதி டப்பாவுக்கே போச்சு. இதுக்காச்சும் நானே குடுக்கணும். எங்க வீட்டுக்காரரு ஷேர் ஆட்டோதான் ஓட்டுறாரு, மத்தியானம் புள்ளையக் கொண்டாந்துருவாரு. அரை மணி நேரமும் ஒக்கார எடமும் குடுப்பீங்களா?"

இருபத்திரண்டு வயிறுகள் என்னை நோக்கித் திரும்பின. அந்த இடத்திலேயே அறிவித்தேன்: மூன்றாவது டிரயல் ரூம் இன்றுமுதல் 'தாய்மை அறை'! கைதட்டல் காதைப் பிளந்தது. அன்றைக்கே 2,300 சொன்ன குஷன் நாற்காலியை 1,750-க்குப் பேசி வாங்கிப் போட்டு, ரிப்பன் வெட்டி, போட்டோ எடுத்து, வாட்ஸ்அப்பில் விட்டேன்.

ஆவணியில் அவளுக்கு ஆண் பிள்ளை. நர்ஸம்மா சொன்னபடியே ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுத்துவிட்டாளாம். விடுப்பு விஷயத்தில் நான் கறார் பேசவில்லை. எத்தனை நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்றேன். சம்பளம் உண்டா என்று அவள் கேட்கவில்லை. இல்லை என்று சொல்லி நானும் மனதைப் புண்படுத்தவில்லை. நாற்பத்தைந்தாம் நாள் தானாக வந்து நின்றாள்.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. சூரத் சரக்கு அறுபது பண்டல் இறங்கியிருந்தது. பண்டலை ரோட்டிலா வைப்பது? 'தாய்மை அறை'யில் அடுக்கினோம். பெயர்ப்பலகையை மட்டும் பயபக்தியோடு விட்டுவைத்தோம்.

மத்தியானம் அவள் கணவர் பால்பாண்டி, வீறிடும் பிள்ளையோடு வாசலில் நின்றார்.

"அண்ணே, ரூமு?" என்று கேட்டாள் சரண்யாதேவி.

"சீசன் முடியட்டும்மா."

"நாற்காலி மட்டுமாச்சும்..."

"கடையில எம்புட்டுக் கூட்டம், பாக்குறேல்ல?"

அவள் ஆட்டோவிலேயே உட்கார்ந்து கொடுத்தாள். சிக்னல் பக்கம் நிறுத்தக்கூடாது என்று போலீஸ் விசிலடித்தது. பால்பாண்டி வண்டியை எடுத்தார். பிள்ளை குடித்து முடிக்கும்வரை பாலம் தாண்டிப் போய், திரும்பி வந்து, மறுபடி போய்த் திரும்பினார்கள். இரண்டு பயணிகள் ஏறிச் சில்லறை கொடுத்து இறங்கியும் விட்டார்கள். நாற்பது நிமிடம். விதி எல்லோருக்கும் ஒன்றே என்பதால் அரைநாள் சம்பளம் பிடித்தேன்.

இப்படி ஏழு நாள். பிடித்தம் கட்டுப்படியாகவில்லை போலும், எட்டாம் நாள் ஆட்டோ வரவில்லை. மத்தியானத்தில் மார்பு கட்டி, யூனிஃபார்ம் நனைந்து, பாத்ரூமில் பீய்ச்சி ஊற்றிவிட்டு வந்து பில் போட்டாள். கொஞ்ச நாளில் அதுவும் நின்றது. ஊழியரின் உடல்நலம் சீரடைந்ததாகவே எடுத்துக்கொண்டேன்.

தீபாவளி முடிந்த மறுநாள் கல்லாவுக்கு வந்து, மடிப்புக் கலையாத சான்றிதழை மேஜையில் வைத்தாள்.

"அண்ணே, இத ரிட்டர்ன் எடுத்துக்கறீங்களா? புதுசாத்தான் இருக்கு. தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்போது குடுத்தீங்கன்னா ரெண்டு டப்பா வாங்கிருவேன்."

"எப்பயிலிருந்து டப்பா?"

"வத்திப் போச்சுண்ணே. டப்பாதான்."

தலைக்கு மேல் மாட்டியிருக்கும் பலகையைக் காட்டினேன்: விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது. அவள் அதைத் தினமும் துடைப்பவள். இருந்தும் நின்று, ஒவ்வொரு எழுத்தாக வாசித்துவிட்டுப் போனாள்.

அன்று முகாம் கணக்கை முடித்தேன். இருபத்திரண்டு பேரிடம் 88,000. சரண்யாதேவியிடம் 999. அரைநாள் பிடித்தம் ஏழுக்கு 1,400. ஆக வரவு 90,399. கோச்சுக்கு 44,000, போஸ்டர், கேசரி, பொம்மைக்கு 6,249, நாற்காலிக்கு 1,750. செலவு 51,999. நிகர லாபம் 38,400.

பைசா பிசகவில்லை. ஒரே ஒரு இனம்தான் இடிக்கிறது. 'நாற்காலி, தாய்மார்கள் உட்கார, 1,750' என்று எழுதியிருக்கிறேன்.

இந்தக் கணக்கை அதில் உட்கார்ந்துதான் எழுதினேன்.