சிவப்பு நூல் கட்டிய சாக்கோலி

மாடிப்படிக்கு அடியில் இருபத்து நான்கு புட்டிகள் இருந்தன. இருபத்து நான்கும் காலி. அந்தப் புட்டிகளில் இருப்பதைக் குடிக்கத்தான் மாமனார் பெல்லோ இரண்டு மணிக்கு வருகிறார்.

"என் வீட்டுச் சரக்கு தீர்ந்துபோச்சு மாப்ளே," என்று காலையில் போன் செய்திருந்தார். "இந்த வெயிலுக்கு சில்லுனு ஒரு வாய் இல்லாம முடியல. உன்கிட்டதான் ரெண்டு டஜன் இருக்குல்ல. நாலஞ்சு புட்டிய ஐஸ்ல போட்டு வை."

"அதுக்கென்ன மாமா, வாங்க," என்று சொல்லி வைத்துவிட்டான் எனேக்கோ. அவன் வாய்க்கு அதுதான் பழக்கம்.

பெல்லோ நாற்பது வருடம் மீன்பிடிப் படகில் போனவர். கடலை விட்டதும் கெத்தாரியா ஊரின் மலைச் சரிவில் திராட்சைக் கொடி நட்டு, சாக்கோலி என்கிற வெள்ளை ஒயின் போட ஆரம்பித்தார். கோடையில் சாக்கோலி என்றால் லேசாக, நாக்கில் சுறுசுறுவென்று, முதல் வாய் இறங்கும் முன்பே அடுத்த வாய் கேட்க வேண்டும். பெல்லோவுடையதைக் குடித்தால் தண்ணீர்தான் கேட்கும். கல்யாணத்தன்று எனேக்கோ ஒரே ஒரு கிளாஸ் குடித்தான். பல் கூசிக் கூசி, கல்யாண கேக்கைக்கூடக் கடிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு அந்தப் புட்டிகளில் ஒன்றைக்கூட அவன் வாயில் வைத்ததில்லை.

ஆனால் ஒவ்வொரு ஏப்ரலிலும் மாமியார் கார்மெலே, கழுத்தில் சிவப்பு நூல் கட்டிய இரண்டு டஜன் புட்டிகளோடு வந்து இறங்குவாள். அடுத்த முறை பார்க்கும்போது எப்படி இருந்தது என்று கேட்பாள். "அமிர்தம் அத்தை," என்பான். கார்மெலேவின் முகம் மலர்ந்துவிடும். உனக்கென்று பார்த்துப் பார்த்துக் கொண்டுவருகிறேன் என்பாள்.

யாருக்காவது தூக்கிக் கொடுக்கலாம் என்றால் ஊர் சின்னது, புட்டி போய்ச் சேரும் முன்பே சேதி பெல்லோவுக்குப் போய்விடும். உண்மையைச் சொல்லவும் மனசு வரவில்லை. எனேக்கோ துறைமுகப் படியில் விழுந்து கால் ஒடிந்து கிடந்தபோது, ஒரு மாதம் முழுக்க தினமும் மாடியிலிருந்து அவனை முதுகில் சுமந்து இறக்கியவர் பெல்லோ. அந்த மனிதரிடம் உங்கள் சாக்கோலி வாயில் வைக்க விளங்கவில்லை என்று எப்படிச் சொல்வது? ஆகவே மனைவி மைடெர் ஆஸ்பத்திரி வேலைக்குப் போகும் நேரம் பார்த்து, வாரம் இரண்டு புட்டியாக முற்றத்து ஹைட்ரேஞ்சியா பூச்செடிக்கு ஊற்றி வந்தான். ஒன்பது வருடத்தில் செடி கூரையைத் தொட்டுவிட்டது. பூ ஒவ்வொன்றும் தலையளவு, அப்படி ஒரு நீலம். காலிப் புட்டிகள் மட்டும் வருட முடிவில் மாமனாரிடம் திரும்பிப் போகும்.

இப்போது என்ன செய்வது? நல்ல சாக்கோலியாக வாங்கிப் பழைய புட்டியில் ஊற்றிவிட வேண்டியதுதான். மாமனாருக்கு வித்தியாசம் தெரிந்தாலும், தன் சரக்கு நன்றாக வந்திருக்கிறது என்று சந்தோஷம்தானே படுவார்.

ஊரிலேயே நல்ல சாக்கோலி இமானோலுடையது. பெல்லோவுக்குப் பக்கத்துத் தோட்டக்காரர், இருபது வருடப் போட்டியாளர். எனேக்கோ பின்வழியாகப் போய் ஆறு புட்டி கேட்டான். இமானோல் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"அதுக்குள்ள தீர்ந்துடுச்சா?"

என்ன கேட்கிறார் என்று விளங்காமலே தலையாட்டிவிட்டு எனேக்கோ ஓடிவந்தான்.

வீட்டில் புனல் வைத்து மாற்றி ஊற்றினான். மாற்றியதில் குமிழெல்லாம் பறந்துபோய், சாக்கோலி சோர்ந்து கிடந்தது. சரி, உயரத்திலிருந்து ஊற்றினால் நுரை வரும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டிருந்தபோது மறுபடியும் போன்.

"மாப்ளே, இமானோலையும் கூட்டிட்டு வர்றேன்."

எனேக்கோ புனலைக் கீழே வைத்தான்.

நடந்தது இதுதான். துறைமுக மதுக்கடையில் பெல்லோவைச் சீண்டியிருக்கிறார்கள். உன் சாக்கோலியை உன்னைத் தவிர எவனாலும் ஒரு கிளாஸ் முடிக்க முடியாது என்றிருக்கிறார்கள். பெல்லோவுக்கு ரோஷம் வந்துவிட்டது. என் மாப்பிள்ளை ஒன்பது வருடமாகக் குடிக்கிறான், இந்த இமானோலே வந்து குடித்துப் பார்க்கட்டும் என்று எல்லோர் முன்னாலும் சவால் விட்டுவிட்டார்.

"அவன் ஒரு கிளாஸ முடிக்காம கீழ வச்சான்னா, நாளைக்கே கொடியெல்லாத்தையும் வேரோட புடுங்கிடறேன்," என்றார் பெல்லோ போனில். அந்தக் கொடிகளும் போனால் காலையில் எழுந்து போக அவருக்கு வேறு இடம் கிடையாது.

தன் சாக்கோலியை ஒரே வாயில் கண்டுபிடித்துவிடுவார் இமானோல். பெல்லோவின் மானம் அவர் கண் முன்னாலேயே கப்பலேறும். ருசியை மாற்றியே ஆகவேண்டும். எனேக்கோ புட்டிக்கு ஒரு எலுமிச்சம்பழம் பிழிந்தான். குடித்துப் பார்த்தால், அடடா, அச்சு அசல் கல்யாண நாள் சாக்கோலி. பல்லெல்லாம் கூசியது. இதை இமானோல் எப்படி முடிப்பார்? புளிப்பைக் குறைக்க ஒரு கரண்டி சமையல் சோடா போட்டான். பொங்கி வழிந்து மேசை, தரை, அவன் சட்டை எல்லாம் நனைந்தது. அவசரமாகத் தக்கையை அழுத்தி, மேலே சிவப்பு நூலை இறுக்கிக் கட்டி ஐஸில் புதைத்தான். இப்போது புளிப்போடு உப்பும் சேர்ந்திருந்தது. மணி இரண்டு ஆகிவிட்டது.

முற்றத்தில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். அடுப்பில் சூரை மீன் வெந்துகொண்டிருந்தது. எனேக்கோ நூலை அவிழ்த்த மறுநொடி தக்கை பறந்துபோய் ஹைட்ரேஞ்சியாவுக்குள் விழுந்தது.

"வேகத்தப் பாத்தியா?" என்றார் பெல்லோ பெருமையாக.

எனேக்கோ கையைத் தலைக்கு மேல் தூக்கி ஊற்றினான். குறி தவறிப் பாதி இமானோலின் பேண்டில் விழுந்தது. விழுந்தது மிச்சம் என்று அவன் சந்தோஷப்பட்டபோது, கிளாஸ் நிறையவில்லையே என்று பெல்லோவே புட்டியை வாங்கி நிரப்பிவிட்டார்.

முதலில் பெல்லோ குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். "இந்த வருஷம் ஒரு படி மேல," என்றார்.

இமானோல் மோந்து பார்த்தார். ஒரு வாய் குடித்தார். புருவம் ஏறி இறங்கியது. கிளாஸை லேசாகக் கீழே இறக்கினார்.

பெல்லோ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். புயலில் படகோட்டிய கை, மேசை விரிப்பின் ஓரத்தைப் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தது. எனேக்கோவுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. எல்லாம் என் பொய்தான் என்று சொல்லிவிட வாயைத் திறந்தான்.

அதற்குள் இமானோல் கிளாஸைத் தூக்கி, கண்ணில் நீர் முட்ட, கடைசிச் சொட்டு வரை குடித்து முடித்துக் கவிழ்த்து வைத்தார்.

"கொடிய புடுங்காதடா," என்றார். "அடுத்த வருஷமும் போடு."

பெல்லோ எழுந்து வந்து இருபது வருடப் போட்டியாளரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். பிறகு, மதுக்கடைக்காரர்களுக்கு இப்போதே சொல்ல வேண்டும் என்று போனை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனார்.

இமானோல் நேராகச் சமையலறைக்குப் போய் இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தார். மூலையில் குவிந்திருந்த எலுமிச்சைத் தோலையும், சோடா டப்பாவையும், தன் ஆறு புட்டிகளையும் பார்த்தார். எனேக்கோ தலை குனிந்து நின்றான்.

இமானோல் ஜன்னல் வழியாக முற்றத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "செடி என்னமா வளந்திருக்கு. எங்க வீட்டுல வச்சது முழங்கால் தாண்டல. இதுக்கு என்னதான் ஊத்துறே?"

"தண்ணிதாண்ணே," என்றான் எனேக்கோ.

"ம்," என்றார் இமானோல் வாயைத் துடைத்துக்கொண்டே. "ஏன் தம்பி, கல்யாணத்தன்னிக்கு உன் மூஞ்சி போன போக்கைப் பாத்துட்டு, பெல்லோ சரக்க சாக்கடையில கொட்டிட்டு, ஒன்பது வருஷமா என்கிட்ட ரெண்டு டஜன் வாங்கி சிவப்பு நூல் கட்டி உன் மாமியார் உனக்குக் கொண்டாந்து குடுக்குறாங்களே, அதுல ஒண்ணத் தொறந்து வச்சிருந்தா போதாதா?"