தங்கள் தங்கையின் பூக்காணியை நான் மண்வெட்டியால் செருக்கியது தொடர்பாக

பியோர்ண்டால், ஒஸ்லோ
19.06.2008, வியாழக்கிழமை

பெருமதிப்புக்கும் அன்புக்குமுரிய மச்சான் மகேசன் அவர்களுக்கு,

தங்கள் தங்கை சிறிதேவியின் கணவன் குலேந்திரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. பேர்கன் நகர மழையில் நனைந்தாலும் தாங்களும் மங்களேஸ்வரி அக்காவும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். தங்கள் முழங்கால் நோ எப்படி? நாங்கள் இங்கு சுகம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் "நாங்கள்" என்று சொல்வதற்கு ஞாயிற்றுக்கிழமை முதல் இந்த வீட்டில் நான் ஒருவன்தான் இருக்கிறேன். மகள் ராகவி பல்கலைக்கழக விடுதியில். மற்றவர் தங்கள் வீட்டுச் சோபாவில். ரெலிபோன் எடுத்தால் என் நம்பரைக் கண்டதும் தங்கச்சி வைத்துவிடுகிறார். தங்களுக்கு எடுத்தால் "அவ இப்ப குளிக்கிறா" என்கிறீர்கள். நாலு நாளாக ஒரு மனுசி குளிக்கிறதை நான் கேள்விப்பட்டதில்லை. ஆகவே நடந்ததை ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். என்மேல் பிழை இருக்கிறதா என்று தாங்களே சொல்லுங்கள். கொஞ்சம் இருக்கிறது.

எங்கள் வீட்டுப் பின்பக்கக் காணியைத் தாங்கள் கண்டிருக்கிறீர்கள். காணி என்ன காணி, நாலு கட்டில் போட்டால் நிறைந்துவிடும். இரண்டு பக்கத்து வீட்டுக்காரரும் கம்பளம் மாதிரிப் புல் வளர்க்கிறார்கள். எங்கள் வீட்டில் மட்டும் நாலு வருசமாக உங்கடை தங்கச்சி புல்லை வெட்டவிடாமல் காட்டுப்பூ வளர்த்தவ. போற வாற இடமெல்லாம் குனிஞ்சு குனிஞ்சு விதை பொறுக்கி லேஞ்சித் துணியிலை முடிஞ்சு கொண்டுவருவா. திராமன் பட்டினத்து ஆத்தங்கரையிலை பொறுக்கினது, உங்கடை வீட்டுக்கு வரேக்கை றெயில் நிண்ட இடத்திலை இறங்கிப் பொறுக்கினது, எல்லாத்துக்கும் ஐஸ்பழக் குச்சியிலை பேரும் இடமும் எழுதிக் குத்தி வைச்சிருந்தா. நடுவிலை மஞ்சளும் சுத்திவர வெள்ளை இதழுமா ஒண்டு, நீல மணி மாதிரி ஒண்டு, பேர் வாயிலை வராத இன்னும் கனக்க. "இதெல்லாம் இந்த நாட்டுச் சொந்தப் பூவப்பா, இவையளே வளக்கினமில்லை, பாவம்" எண்டுவா. ஆனா மச்சான், என்ரை கண்ணுக்கு அது வெறும் பத்தைக் காடு. முத்தத்திலை புல்லு நிண்டா "வீட்டிலை ஆம்பிளை இல்லையோ" எண்டு கேக்கிற ஊரிலை நீங்களும் நானும் பிறந்தனாங்கள். சனிக்கிழமை எண்டா மண்வெட்டியாலை புல்லைச் செருக்கி, வெறும் மண்ணைக் கூட்டித் தண்ணி தெளிச்சாத்தான் வீடு வீடு மாதிரி இருக்கும். அந்தக் கண்ணை நான் எங்கை கொண்டுபோய்க் கழட்டி வைக்கிறது?

இப்ப சங்கத்தின்ரை கதைக்கு வாறன். எங்கடை வீட்டுத்தொகுதிக்கு ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு நிர்வாகசபை, அதிலை நான் போன வருசத்திலையிருந்து பதில் உறுப்பினர். ஆரும் வராட்டி நான் போய் இருக்கவேணும். எங்கடை தொகுதியிலை நிர்வாகத்துக்குப் போன முதல் தமிழன் நான்தான் எண்டது உங்களுக்குத் தெரியும், நானே மூண்டு தரம் சொல்லியிருக்கிறன். மார்ச் மாசக் கூட்டத்திலை தலைவர் ஸ்வைன் என்னவோ விறுவிறெண்டு வாசிச்சார். எல்லாரும் கை உயத்திச்சினம், நானும் உயத்தினன். உயத்தாட்டி ஏனெண்டு கேப்பினம், கேட்டா நொர்வேஜியனிலை விளக்கம் சொல்லவேணும், எனக்கேன் வில்லங்கம்? அண்டைக்கு நான் கை உயத்தி நிறைவேத்தின விதி என்னெண்டா, வீட்டுக் காணியிலை புல்லும் களையும் ஒரு சாணுக்கு மேலை வளரக்கூடாது. மே மாசக் கடைசியிலை அந்த விதியின்படி முதலாவது எச்சரிக்கைக் கடிதம் ஒரு வீட்டுக்கு வந்தது. எந்த வீட்டுக்கு? இந்த வீட்டுக்குத்தான்! யூன் பதினாலு, டுக்னாட் நாளுக்கிடையிலை களை எல்லாம் அகற்றவேணுமாம். டுக்னாட் எண்டா உங்களுக்குத் தெரியும்தானே, எங்கடை சிரமதானம், எல்லாரும் சேந்து வளவு துப்புரவாக்கிப்போட்டுச் சொசேச் சுட்டுத் தின்னுறது.

கடிதத்தை அரிசி வாளிக்கை ஒளிச்சன். அவ அந்தப் பூவுகளோடை கதைக்கிறவ மச்சான், காட்டினா அழுவா எண்டு பயம். விதிக்குக் கை உயத்தினது நான் எண்டு தெரிஞ்சா அழமாட்டா, அதைவிடப் பயம். சனிக்கிழமை அவவுக்கு முதியோர் இல்லத்திலை காலமை வேலை. அவ வாறதுக்கிடையிலை அலுவலை முடிச்சிட்டு, "சங்கம் வெட்டிப்போட்டுது" எண்டு சொல்லுவம் எண்டுதான் திட்டம். அதைப் பொய்யெண்டு சொல்லாதேங்கோ, நானும் சங்கம்தானே. என்ரை தம்பி யாழ்ப்பாணத்திலையிருந்து சூட்கேசுக்கை வைச்சுக் கொண்டுவந்த மண்வெட்டி பதினொரு வருசமா நிலவறையிலை சும்மா கிடந்தது. அதைக் கையிலை பிடிச்ச உடனை எனக்கு இருபது வயசு குறைஞ்சுபோச்சு. வேரோடை செருக்கினன். மொட்டு விட்டு நிண்டதுகள், நாளைக்கோ நாளையிண்டைக்கோ விரியுற பருவம், அதையும் நான் பாக்கேல்லை. குச்சியளைப் பொறுக்கி றப்பர் வளையம் போட்டுக் கட்டிப் படியிலை வைச்சன். பிறகு ஈக்குப்பிடியாலை வளைவு வளைவாக் கூட்டித் தண்ணியும் தெளிச்சன். ஐயோ மச்சான், நீங்கள் கண்டிருக்கவேணும், ஒரு துரும்பு இல்லை, பொங்கலுக்குக் கோலம் போடலாம்.

அந்த நேரம் பாத்து ஸ்வைன் வாறார். கையிலை ஒரு பலகை. தானே அரிஞ்சு, தானே எழுத்து வெட்டி, வார்ணிசும் அடிச்ச பலகை. மண்ணைப் பாத்தார், என்னைப் பாத்தார், பிறகு பலகையைப் பாத்தார். "இது களையல்ல, இந்த நாட்டுப் பூக்களின் தரை" எண்டு அதிலை எழுதியிருக்கு. மெல்ல மெல்லத்தான் எனக்கு விளங்கினது. ரெண்டு கிழமைக்கு முதல் உங்கடை தங்கச்சி தானாவே ஒரு தட்டு றோல்சும் நூலகப் புத்தகமும் கொண்டு அவர் வீட்டுக்குப் போயிருக்கிறா. பக்கத்து வீட்டுக்காரர் புறுபுறுக்கிறதை அவ எப்பவோ கண்டிட்டா. சபை கூடி விதியைத் திருத்தியிருக்கு: பூக்காணி வைச்சிருக்கலாம், விதை விழுந்தபிறகு ஓகஸ்ட்டிலை ஒருக்கா வெட்டினாப் போதும். எங்கடை காணிதான் முதல் மாதிரிக் காணியாம், ஞாயிறு மத்தியானம் ஒரு பூச்சங்கத்து ஆக்கள் பாக்க வருகினமாம். இதெல்லாம் எல்லா உறுப்பினருக்கும் ஈமெயிலிலை வந்திருக்காம். ஈமெயில் திறக்கிறது எப்பிடியெண்டு ராகவி ரெண்டு தரம் காட்டித் தந்தவள். ஸ்வைன் ஏசேல்லை. "நீயும் நிர்வாகசபையிலைதானே இருக்கிறாய்?" எண்டு மட்டும் கேட்டார். அதுக்கு ஏசியிருக்கலாம்.

பெண்சாதி ஏன் உனக்குச் சொல்லேல்லை எண்டு கேப்பியள். அனுமதிக் கடிதத்தை அவவும் ஒளிச்சுத்தான் வைச்சிருந்தவ. ஞாயிறு எல்லாருக்கும் முன்னாலை எனக்கு வாசிச்சுக் காட்ட எண்டு. நான் எந்தநேரமும் சங்கம் சங்கம் எண்டு நெஞ்சை நிமித்திறனான்தானே, அந்தச் சங்கமே தனக்கு மரியாதை செய்திருக்கு எண்டு நான் கண்டு சந்தோசப்படவேணுமாம். ராகவி சொல்லித்தான் தெரியும்.

மூண்டு மணிக்கு ஆள் வந்தா. வேலைச் சப்பாத்தோடையே பின்பக்கம் வந்து நிண்டா. நான் பேச்சு விழும் எண்டு தலையைக் குனிஞ்சுகொண்டு நிண்டன். அவ சொன்னது இவ்வளவுதான்: "நல்லாக் கூட்டியிருக்கிறியள்." குச்சிக் கட்டை எடுத்துக் கைப்பையிலை வைச்சா, வேலைக்கு லீவு சொன்னா, அடுத்தநாள் காலமை றெயின் ஏறிட்டா. முப்பது வருசம் கத்தியிருந்தாலும் எனக்கு இப்பிடிச் சுட்டிராது. மத்தியானம் பூச்சங்கத்து ஆக்கள் பதினாலு பேர் வந்து வெறுந்தரையைச் சுத்தி நிண்டு கோப்பி குடிச்சிட்டுப் போச்சினம். ஒரு கிழவர் மட்டும் நான் கூட்டின வளைவுகளை நல்லாயிருக்கெண்டு படம் எடுத்தார்.

திங்கக்கிழமை படிக்குக் கீழை தவறி விழுந்த ஒரு குச்சியைக் கண்டெடுத்தன். "முதல் முகாம், பஸ் தரிப்பு" எண்டு அவவின்ரை குண்டுக் கையெழுத்து. நாங்கள் அகதியா வந்து இறங்கின முகாம் மச்சான். முதல் குளிர்காலம் முழுக்க நாங்கள் ரெண்டு பேரும் அந்தத் தரிப்பிலை போய் நிக்கிறனாங்கள். போறதுக்கு ஓரிடமும் இல்லை, சும்மா பஸ் வாறதைப் பாக்க. மூண்டு வருசத்துக்கு முதல் அந்தப் பக்கத்தாலை கார் ஓடி வரேக்கை நிப்பாட்டச் சொல்லி இறங்கி, அதிலை நிண்ட செடியிலை விதை பொறுக்கினவ. நான் காருக்கை இருந்து ஹோர்ன் அடிச்சனான். அந்தச் செடியைத்தான் செருக்கிப்போட்டன். படியிலை இருந்து அழுதன் மச்சான், வெக்கப்படாமல் எழுதுறன். எனக்கு அது பத்தை, அவவுக்கு அது நாங்கள் இந்த நாட்டிலை வாழ்ந்த கணக்கெல்லாம்.

அழுதாப் போதுமே? செவ்வாய்க்கிழமை காரை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டன். பெருந்தெருக்கரையிலை கண்ணுக்கெட்டின தூரம் ஊதாவும் றோசாவுமா, இடுப்பளவு உயரத்திலை கோபுரம் கோபுரமா ஒரு பூ. ஆரும் நட்டதில்லை, தண்ணி விட்டதில்லை, தானா நிக்குது. அப்ப இந்த நாட்டுச் சொந்தப் பூத்தானே? மண்வெட்டியாலை வேரோடை நாப்பது கிண்டினன். பொலிஸ் கார் ஒண்டு வந்து நிண்டு "என்ன செய்யிறாய்?" எண்டு கேட்டுது. "டுக்னாட்" எண்டன். "நல்ல விசயம்" எண்டு தலையாட்டிப்போட்டுப் போயிட்டினம். கொண்டுவந்து, மிளகாய்க் கண்டுக்குக் கட்டுற மாதிரிப் பாத்தி கட்டி, வாய்க்கால் வெட்டி, வரிசை பிடிச்சு நட்டிருக்கிறன். மூண்டு நாளாத் தண்ணி இறைக்கிறன், ஒண்டும் வாடேல்லை. பக்கத்து வீட்டுக்காரர் யன்னலாலை பாத்துக்கொண்டு நிக்கினம், பொறாமையாக்கும்.

ஆகவே மச்சான், இவ்வளவையும் ஆளுக்குக் கேக்கிற மாதிரி உரத்து வாசியுங்கோ. பழையதை நான் திருப்பித் தர ஏலாது, ஆனா காணி இப்ப பூவாலை நிறைஞ்சிருக்கு, அவவின்ரை இடுப்பளவு உயரத்திலை நிக்குது. இந்தச் சனிக்கிழமை றெயினிலையே ஆளை ஏத்திவிடுங்கோ. ஒரு நாளும் பிந்தவேண்டாம். ஸ்ரேசனுக்கு நான் ஒரு மணித்தியாலம் முந்தியே வந்து நிப்பன்.

அக்காவுக்கு என் அன்பைச் சொல்லவும். தங்கள் முழங்காலும் எங்கள் குடும்பமும் பழையபடி நேராகிவிட வேண்டுமென முருகனை வேண்டி, தங்கள் பதில் காணும்வரை நித்திரை இல்லாதிருக்கும்,

தங்கள் மைத்துனர்,
க. குலேந்திரன்
(பதில் உறுப்பினர், நிர்வாகசபை)

பி.கு.: மச்சான், இதிலையிருந்து மனசுக்குள்ளை வாசியுங்கோ. முத்திரை ஒட்டப்போற நேரம் ராகவி வந்தாள். பின்பக்கம் பாத்திட்டு "அப்பா!" எண்டு கத்தின கத்திலை நான் பாம்பெண்டு நினைச்சன். நான் நட்டது லூப்பினாம். எங்கையோ அமெரிக்காவிலையிருந்து வந்து, தெருக்கரையெல்லாம் பரவி, இந்த ஊர்ப்பூவுகளை அமத்திக் கொல்லுற செடியாம். போன வருசம் அரசாங்கமே கறுப்புப் பட்டியல் போட்டிருக்காம். அம்மா றோட்டாலை போகேக்கையே இறங்கி இறங்கிப் பிடுங்கிறது இதைத்தானாம். பக்கத்து வீட்டுக்காரர் பாத்தது பொறாமையாலை இல்லையாம். "வெளியிலையிருந்து வந்தா உடனை பிடுங்கிறதோ?" எண்டு எனக்கு ஒரு மாதிரிப் போச்சு, கேட்டும் போட்டன். "அப்பா, நீங்கள் பூ இல்லை, மண்வெட்டியை எடுங்கோ" எண்டாள். நாப்பதையும் ரெண்டு பேருமாக் கிண்டிக் கறுப்புப் பையிலை கட்டியாச்சு. காணி திருப்பியும் வெறுந்தரை. திருப்பிக் கடிதம் எழுத ஏலாது, ரெண்டு உள்ளங்கையும் கொப்புளம். அதனாலை மேலை எழுதினது ஒண்டையும் ஆளுக்கு வாசிக்காதேங்கோ. சனிக்கிழமை ஏத்திவிடவும் வேண்டாம். முழங்கால் நோ எண்டு படுத்திருந்தாவது ரெண்டு கிழமை மறிச்சு வையுங்கோ. அவவின்ரை பழைய பூவுகள் சிலதின்ரை வேர் உள்ளுக்கை கிடக்குதாம், திருப்பி வருமாம், எப்ப எண்டு ராகவிக்கும் தெரியாது. ஆனா மச்சான், அவ தானாப் பெட்டியை எடுத்தா மட்டும் மறிக்காதேங்கோ. வெறும் மண்ணெண்டாலும் பரவாயில்லை, வரச்சொல்லுங்கோ. ரெண்டு பேருமாக் குந்தியிருந்து, எது வருகுதெண்டு பாப்பம். எது களை எண்டு இனி அவவே சொல்லட்டும்.